ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நிதானமாக எழுத என்னால் முடியாது. ஆறு மாதமாக எனக்கு ஒரு பித்து. மலைநாட்டு லுணுகலை டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாராவது ஒருவன் பழைய பேப்பரைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் இருக்கும் போட்டோவைப் பார்த்து “ஐயோ, ஐயோ” என்று சொல்லிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். அது நான்தான். பக்கத்தில் வந்தால் குழலை உங்களுக்கும் தருவேன்.

எல்லாம் ஓர் அவமானத்தில்தான் தொடங்கியது. கட்டாரில் வேலை செய்யும் தம்பி, “நம்ம மலைய ஒரு படம் எடுத்து அனுப்பண்ணே” என்று கேட்டான். எங்கள் தோட்டத்து லயம் இருப்பது மேட்டில். வாசல் இஸ்தோப்பிலிருந்து நாலு எட்டு வைத்தால் தேயிலை செங்குத்தாக ஓடை வரைக்கும் விழும். ஓடைக்கு அங்கிட்டு எதிர்மலை. அதற்குப் பின்னால் பிபிலைப் பக்கம் சரிந்துபோகும் மலைகள், ஒன்றின் தோளில் ஒன்றாக. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே நின்றால் முழங்கால் நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், நான் போனை நீட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “என்னண்ணே இது, பச்சைச் சாக்க விரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மலை எங்க?”

போனைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பச்சைச் சாக்குத்தான். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பாதாளம்! அந்தப் பாதாளம் எங்கே போனது? போனுக்குள் போகிற வழியில் அதை யார் திருடினார்கள்?

விடை என் வீட்டுக்குள்ளேயே வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்மாயிக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். இளம் வயதில் கவ்வாத்து மலையில் குச்சி குத்தி இடது கண் போய்விட்டது. அதற்குப் பிறகும் பல வருசம் கொழுந்து பறித்தார். இன்றைக்கும் பணிய ஓடைக்கு இறங்கி ஏறுவார்; ஒரு நாளும் விழுந்ததில்லை. ஆனால் ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் நூல் ஊசிக்கு முன்னால் போகும், இல்லையென்றால் பின்னால் போகும். தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுவைத்துக்கொண்டுதான் ஊற்றுவார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

“ஒத்தக் கண்ணுல எப்பிடி அம்மாயி இந்தச் சரிவுல எறங்குறீங்க?”

“மறைக்கிறது கிட்ட, மறையிறது தூரம். இதப் பாக்க என்னத்துக்குடா ரெண்டு கண்ணு?”

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு சென்ரிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. இதை 1838இல் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீட்ஸ்டன் நிரூபித்தார். சிறிது வித்தியாசமான இரண்டு கோட்டுப் படங்களைக் கண்ணாடிகள் வைத்து கண்ணுக்கொன்றாகக் காட்டினார்; தட்டைக் கோடுகள் திரண்டு எழுந்து நின்றன. ஊசி கோர்ப்பதும் கோப்பையில் ஊற்றுவதும் இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது: அந்த ஆறு சென்ரிமீட்டர் கிட்டத்தில் இருப்பவற்றுக்குத்தான் உதவும். தூரம் கூடக்கூட இரண்டு கண்ணும் காண்பது ஒன்றாகிவிடும். எதிர்மலையை அண்ணாந்து பார்க்கும்போது நானும் நீங்களும் அம்மாயியும் ஒன்றுதான். மலைக்கு முன்னால் எல்லோரும் ஒற்றைக் கண்காரர்கள்!

கமராவும் அப்படித்தானே? அதற்கும் ஒரே கண்தான். அப்படியென்றால் அம்மாயி எதை வைத்துச் சரிவை அளக்கிறாரோ, அதையெல்லாம் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பாதாளம் தானாக வந்து விழுமே! அடுத்த வாரமே போனைத் தூக்கிக்கொண்டு மலையில் இறங்கினேன்.

முதல் பாடம், அம்மாயி சொன்ன மறைப்பு. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். இவ்வளவு சாதாரணமான விசயமா என்று கேட்காதீர்கள். இதைவிட உறுதியான சாட்சி வேறில்லை. பதுளையிலிருந்து பசறைக்கு வரும்போது நமுனுகுல மலையைப் பார்த்திருப்பீர்கள், 2036 மீட்டர். சிங்களத்தில் அந்தப் பெயருக்கு ஒன்பது முடி என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து ஒன்பதையும் எண்ண முயன்று பாருங்கள். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடும். எண்ண முடியாமல் போவதுதான் அந்த மலையின் அழகு. ஒன்பதும் வரிசையாகத் தெரிந்தால் அது மலையாக இருக்காது, வேலியாக இருக்கும். என் முதல் படத்தில் எதுவும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒரே பச்சை. அதனால் இரண்டாம் தடவை லயத்துத் தகரக் கூரையின் ஓரத்தை வேண்டுமென்றே படத்தின் மூலையில் வைத்தேன். கூரை தேயிலையை மறைத்தது, தேயிலை ஓடையை மறைத்தது, சவுக்கு மரம் எதிர்மலையை மறைத்தது. படத்துக்குள் ஒரு படிக்கட்டு வந்துவிட்டது!

இரண்டாவது பாடம் அளவு. பத்து மீட்டர் தூரத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா படத்தில் ஒரு விரல் உயரம் என்றால், இருபது மீட்டரில் நிற்பவர் அரை விரல், நூறு மீட்டரில் நிற்பவர் விரலில் பத்தில் ஒரு பங்கு. தூரம் எத்தனை மடங்கோ உருவம் அத்தனை மடங்கு சுருங்கும், அவ்வளவு ஒழுங்கான கணக்கு. ஆளின் உயரம் நமக்குத் தெரியும். அதனால் குட்டியாகத் தெரியும் ஆளைக் குள்ளர் என்று மூளை நினைப்பதில்லை. தூரத்தில் நிற்கிறார் என்று படித்துவிடுகிறது. வெறும் மலையைப் படம் எடுத்தால் அது மலையா பாசி படிந்த கல்லா என்று சொல்ல முடியாது. கூடையோடு ஒரு மனுசியை உள்ளே நிறுத்துங்கள், மலை உடனே மலையாகிவிடும்.

இதோடு சேர்ந்தே வருவது அடர்த்தி. இந்த இடத்தில் நான் தேயிலைச் செடிக்குக் கோயில் கட்டத் தயார். ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டாம் உலகப் போரில் விமானிகள் ஓடுபாதையில் இறங்கும்போது நிலத்தின் தூரத்தை எப்படி உணர்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். ஒரே மாதிரியான பொருட்கள் பரவிக்கிடக்கும் தரையில், கிட்டே அவை பெரிதாகவும் கலைந்தும், தூரத்தே சிறிதாகவும் நெருங்கியும் தெரியும். அந்த நெருக்கம் கூடிக்கொண்டே போவதுதான் தரையின் ஆழத்தைக் காட்டுகிறது என்று 1950இல் வந்த புத்தகத்தில் விளக்கினார். அவர் ஓடுபாதைகளைப் பார்த்தார். எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்திய செடிகள், நிரைக்கு நிரை நாலடி, செடிக்குச் செடி இரண்டடி என்று நட்ட புதுத் தேயிலை, மலை முழுக்க! காலடியில் ஒவ்வொரு இலையும் தெரியும். கொஞ்சம் தள்ளி இலை போய்ச் செடி தெரியும். இன்னும் தள்ளிச் செடி போய் நிரை தெரியும். எதிர்மலையில் நிரையும் போய் வெறும் பச்சைக் கம்பளி. ஆழத்தை அளப்பதற்கென்றே யாரோ மலைக்கு மேல் அச்சடித்த வரைதாள் இது. எங்கள் முன்னோர் முதுகு ஒடிய நட்டது வேறு யாருக்கோ தேயிலைக்காக. எனக்கு அதில் இதுவும் கிடைத்தது.

மூன்றாவது பாடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் போனது, அதனால் இதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன். செங்குத்துச் சரிவைப் படம் எடுத்தால் ஏன் மைதானம் மாதிரித் தெரிகிறது? போனைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பதால். எது நேர், எது சாய்வு என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. சரிவைக் காட்ட வேண்டுமென்றால் நேராக நிற்கிற ஒன்று வேண்டும். சவுக்கு மரம், லைட் கம்பம், நிமிர்ந்து நிற்கும் ஆள் என்று ஏதாவது ஒன்று. பக்கவாட்டில் நின்று, சவுக்கு மரங்கள் நேராக நிற்க, அவற்றின் அடியில் தரை மட்டும் சாய்ந்து ஓட, ஒரு படம் எடுத்தேன். பக்கத்துக் காம்பரா அண்ணன் பார்த்துவிட்டு, “யப்பா, இவ்வளவு பள்ளத்துலயா நாம வேல செய்றோம்?” என்றார். தினமும் அங்கே ஏறி இறங்குகிற மனிதர்!

நான்காவது பாடத்துக்குத் தெமோதரைக்குப் போங்கள். ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டியது, ஏறக்குறைய 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். உலகமே வந்து படம் எடுக்கிறது. ஏன் எடுக்கிறது என்று யோசித்தீர்களா? ஒரே மாதிரியான வளைவுகள் ஒன்பது, வளைந்து போகப்போகக் குறுகிக்கொண்டே போகின்றன. மேலே ஒன்றுக்கொன்று சமதூரத்தில் ஓடும் தண்டவாளங்கள் தூரத்தில் நெருங்கி வருகின்றன. முடிவில் ஒரு சுரங்கத்தின் கறுத்த வாய். கண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பாதை அது.

இப்படி எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியை நோக்கிப் போகும் சூத்திரத்தை 1400களின் தொடக்கத்தில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் புருனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் செய்துகாட்டினார். எப்படித் தெரியுமா? ஒரு கட்டடத்தைப் பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளை போட்டு, பின்பக்கமிருந்து அந்தத் துளை வழியாக முன்னால் பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். துளை வழியாக! அதாவது ஒரு கண்ணால்! அதற்குப் பிறகு அல்பெர்ட்டி என்பவர் 1435இல் அதை முறையாக எழுதிவைத்தார். அங்கே ஓவியத்தையே புரட்டிப்போட்ட அந்தக் காரியம் ஒற்றைக் கண்ணால் நடந்தது என்று அம்மாயியிடம் சொன்னேன். “பொறகென்ன?” என்றார், பாக்கை இடித்துக்கொண்டே.

ஐந்தாவது பாடத்தில் லுணுகலையை அடிக்க ஆளில்லை. மூட்டம்! காற்றும் அதில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகளும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. கிட்ட இருக்கும் மலை கரும்பச்சை, அடுத்தது சாம்பல் பச்சை, அதற்கடுத்தது நீலம், கடைசி மலை வானமா மலையா என்று தெரியாத வெளிறல். தூரம் கூடக்கூட நடுவில் காற்று கூடுகிறது, நிறம் தேய்கிறது. தூரத்து மலையை நீலமாக வரை என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதிவைத்தது இதைத்தான். அவர் படிப்பிக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு விடிகாலையில் இஸ்தோப்புக்கு வந்தாலே போதும். மடுல்சீமையில் சின்ன உலக முடிவுக்கு விடியற்காலையில் போய் நில்லுங்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மூட்டம், அதிலிருந்து மலை முதுகுகள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்கும், ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு பிடி வெளிறி. ஐந்து நிறங்கள்தான் இருக்கும். ஐந்துக்குள் அவ்வளவு தூரம்!

இதில் ஓர் ஏமாற்று வித்தையும் இருக்கிறது. கடும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், காற்று கழுவிவிட்டது போல் இருக்கும்போது, எதிர்மலை எழுந்து வந்து பக்கத்தில் நிற்கும். “மலை கிட்ட வந்துருச்சு” என்று நாம் எல்லோரும் சொல்வோம். அது வரவில்லை, நடுவிலிருந்த தூசிதான் போனது. அதே மலை, கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் பத்தனைப் புல்லில் தீப் பிடித்துப் புகை மூடினால், ஊர் தாண்டிப் போய்விடும். படத்தில் ஆழம் வேண்டுமா, மழைக்கு மறுநாள் போகாதீர்கள். கொஞ்சம் மூட்டம் இருக்கட்டும்.

ஆறாவது பாடம்தான் என் முதல் படத்தைக் கொன்ற பாவத்தை எனக்கு விளக்கியது. மத்தியான வெயில்! உச்சி வெயிலில் செடிகளின் நிழல் செடிக்கு அடியிலேயே பதுங்கிக்கொள்கிறது. மேடு எது, பள்ளம் எது என்று சொல்ல நிழலைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்திக்கு நாலு மணிக்குப் போனேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து ஒவ்வொரு நிரையையும் தடவியது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் கறுப்பு. மழைத்தண்ணி ஓடும் கான்கள் கத்தியால் கீறியது போல் தெரிந்தன. ஒரு சோதனையும் செய்து பாருங்கள். கன்று நடுவதற்கு வெட்டிய குழிகளை இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில், வெளிச்சம் படத்தின் மேல்பக்கமிருந்து வரும்படி படம் எடுத்து, போன் திரை தானாகச் சுழலாமல் பூட்டிவைத்து, தலைகீழாகப் பிடியுங்கள். குழிகள் கறையான் புற்றுகளாக எழும்பும்! வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை பிடிவாதமாக நம்புகிறது. அதனால் நிழல் புரண்டால் பள்ளம் மேடாகிவிடுகிறது. இதை நான் காட்டாத ஆள் எங்கள் டிவிசனில் இல்லை.

இத்தனையும் கற்றபின் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் மாட்டியிருந்த சாமிக் கலண்டர் என்னைப் பார்த்துச் சிரித்தது. முருகன் முன்னால், மயில் அவரை ஒட்டி, படிகள் பின்னால் போகப்போகக் குறுகி, கடைசியில் வெளிறிய நீலத்தில் மலை. மறைப்பு, அளவு, கோடு, மூட்டம், நிழல் எல்லாம் ஒரு தாளில்! ராஜா ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தெய்வங்களுக்கு உடம்பின் திரட்சியைக் கொடுத்து, 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகமும் தொடங்கி அவற்றை வீடுவீடாக அனுப்பினார். பிறகு கோவில்பட்டியிலிருந்து கொண்டைய ராஜு போன்றவர்கள் கலண்டர்களுக்காக அந்தக் கலையை வளர்த்தார்கள். ஓவியப் பள்ளிக்கூடத்தையே கண்டிராத எங்கள் காம்பராக்களில், ஆழத்தின் பாடப்புத்தகம் தலைமுறை தலைமுறையாக ஊதுபத்திப் புகையில் தொங்கியிருக்கிறது.

இன்னொரு முறையும் உண்டு, அது தெளிவைக் குறைப்பது. ஒன்றில் மட்டும் கூர்மையை வைத்து மற்றதையெல்லாம் கலங்கவிட்டால், கூர்மையானது முன்னுக்கு வரும். இன்றைக்குப் போன்கள் முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைக்கின்றனவே, அது. இதை வேண்டுமென்றே கையாண்டு பெயரும் ஏச்சும் வாங்கியவர் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் வந்து குடியேறினார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத்து வேலையாட்களும் இருக்கிறார்கள். 1879இல் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். நம் ஆட்களின் முகங்களுக்கு நிழலும் திரட்சியும் கொடுத்த அந்தக் கண்கள் நம் மலைநாட்டிலேயே மூடிக்கிடக்கின்றன என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, குழல். அதைச் சொல்லாமல் எப்படி முடிப்பேன்!

நல்ல படமொன்றில் இத்தனை தடயங்கள் இருந்தும் அது ஏன் முழுதாகத் திறப்பதில்லை? நம் கண்களே காட்டிக்கொடுப்பதால். இரண்டு கண்ணும் சேர்ந்து, “இது ஒரு முழத்தில் இருக்கும் தட்டைத் தாள்” என்று மூளையிடம் போட்டுக்கொடுக்கின்றன. தலையை அசைத்தால் இன்னொரு குட்டு வெளிப்படும். பஸ்ஸில் போகும்போது ஓரத்துச் செடி பின்னால் பறக்கிறது, தூரத்து மலை நம்மோடு கூடவே வருகிறது, இல்லையா? படத்தில் அப்படி எதுவும் நகர்வதில்லை. போதாததற்குச் சுற்றிலும் சட்டம் வேறு, “நான் படம், நான் படம்” என்று கத்திக்கொண்டிருக்கிறது.

இவர்கள் எல்லோரின் வாயையும் ஒரு பேப்பர்க் குழல் அடைத்துவிடும். ஒரு கண்ணை மூடுங்கள். குழலை மறு கண்ணில் வைத்து, படத்தின் ஓரங்கள் தெரியாதபடி உள்ளே மட்டும் பாருங்கள். தலையை அசைக்காதீர்கள். பத்து எண்ணுங்கள். அவசரப்படக்கூடாது... இப்போது! தாள் காணாமல் போகும். கூரை உங்கள் பக்கம் வரும், எதிர்மலை பின்னால் போகும், நடுவில் காற்று வந்து நிற்கும். முதல் தடவை இது நடந்தபோது நான் உண்மையிலேயே ஓரெட்டுப் பின்னால் வைத்தேன். ஒரு சதம்கூடச் செலவில்லாத இந்த அதிசயத்தை ஏன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லவில்லை?

அந்திப் படத்தைப் பதுளையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து வந்தேன். மூலையில் தகரக் கூரை, பத்து மீட்டரில் கூடையோடு ஒரு அக்கா, நாற்பது மீட்டரில் இன்னொருவர், நேராகச் சவுக்கு மரங்கள், குறுக்கே ஒரு கான், அதற்கு அங்கிட்டு சரிவு, அதற்கும் பின்னால் நீலமாகத் தேயும் மலைகள். தம்பிக்கும் அனுப்பினேன். “அண்ணே, இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்றான்.

அம்மாயியிடம் படத்தையும் குழலையும் நீட்டினேன். எப்படி வைத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். குழலை வாங்கிப் பக்கத்தில் போட்டுவிட்டார். படத்தை மட்டும் மடியில் வைத்துக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் அந்தக் கானைத் தொட்டார்.

“இதத் தாண்டிக் கால வைக்காத. மழைக்குச் சறுக்கும்.”